கொழுந்தீ

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், தமிழ் படிக்கத் தெரியாததால் இந்த அறிவிப்பைத் தவறவிடப்போகும் துரதிர்ஷ்டசாலிகளுக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு, பொங்கல் திருநாளாகிய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், கவிஞர் மலைக்கனல் அவர்கள் தம் கவிதையைத் தம் வாயாலேயே, ஒலிபெருக்கி முன் நின்று, முதன்முறையாக வாசித்தருளினார். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும்.

மலைக்கனல் வேறு யாருமில்லை, கொழுந்து எடை போட்டுக் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி ராதாகிருஷ்ணன்தான். வாரத்தில் ஆறு நாள் மலைச்சரிவில் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெண்கள் கிள்ளிக் கொண்டுவரும் தேயிலைக் கொழுந்தைக் கூடை கூடையாக நிறுப்பார். மழை நாளென்றால் இலையோடு தண்ணீரும் ஏறியிருக்கும் என்று எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார். அந்தக் கழிவுக்காகப் பெண்கள் அவருக்குச் சொல்லும் வாழ்த்தைக் கேட்டால், தமிழில் வசைக்கவி இன்னும் சாகவில்லை என்று தைரியம் வரும். ஏழாம் நாள் அவர் கனல். எரிவார், எழுதுவார், கோலாலம்பூர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். பத்திரிகைகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. கவிதைகள்தான் அவற்றில் வரவில்லை.

இவ்வளவு எழுதியும் அவர் ஒரு வரியைக்கூட வாய்விட்டுப் படித்ததில்லை. கிராணி வீடு என்று பெயர்தானே தவிர, அடுத்த வீட்டுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை. அந்தப் பக்கம் சின்னக்கருப்பன் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் கிராணியின் மனைவி சரோஜாவுக்குத் தூக்கம் வரும். ஆகவே அந்த வீட்டில் கவிதைகள் சத்தம் போடாமலே வளர்ந்தன.

கோயில் செயலாளர் காளிமுத்து அந்தப் பொங்கலுக்குக் கவியரங்கம் வைத்தார். தலைமை, ஈப்போவிலிருந்து ‘பாப்பெருமழை’ வேலப்பனார். அவர் யாருடைய கவிதை சிறந்தது என்று கருதுகிறாரோ அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி, ‘இன்று முதல் இவர் கவிஞர்’ என்று அறிவிப்பார். மறுவாரம் பத்திரிகையில் படத்தோடு வரும். ராதாகிருஷ்ணனுக்கு வேண்டியது அவ்வளவுதான். கவிஞர் என்று ஒரு வெளிவாய் அவரைச் சொல்ல வேண்டும். அதுவரை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே நாளில் சரோஜாவுக்கும் ஒரு விசேஷம் இருந்தது. அவள் தங்கை நீலாவதி, அம்மா போனபிறகு இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவளுக்குப் பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு இடம் கூடி வந்தது. முட்டைக்கோஸும் பூவும் போடும் பக்கிரிசாமியின் மகன் விஜயன். “பொண்ணு பாக்கன்னு தனியா வந்தா ரெண்டு பக்கமும் சங்கடம். கோயிலுக்கு வந்த மாதிரி வந்து பாத்துட்டு, அங்கயே வெத்தல பாக்கும் மாத்திட்டுப் போயிர்றோம்” என்று பக்கிரிசாமி சொல்லி அனுப்பியிருந்தார். 

அன்று காலையிலிருந்து ராதாகிருஷ்ணன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒருமுறை சவரம் செய்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். கவிஞனுக்கு இது போதாது என்று மறுபடியும் செய்து காதோரம் வெட்டிக்கொண்டார். ஜிப்பாவைப் போட்டார், கழற்றினார், குளிருக்கு உள்ளே பனியனோடு ஸ்வெட்டரையும் மாட்டி மேலே ஜிப்பாவைப் போட்டார். அதில் அவர் தலையணை உறை மாதிரி தெரிந்தார்.

“என்னமோ மேடையில வாசிக்கப் போறீங்களே, ஒருக்கா எனக்கு வாசிச்சுத்தான் காட்டுங்களேன்” என்றாள் சரோஜா.

“மேடையில கேட்டுக்க.”

“அதுக்கில்ல. திரிங்காப் ஆளுங்க வர்றாங்க. நீங்க பாட்டுக்கு ஏதும் ஏடாகூடமா...”

“தேயிலையப் பத்தி எழுதியிருக்கேன் சரோஜா. தேயிலையில என்ன ஏடாகூடம்?”

இதற்கு அப்போது யாரிடமும் பதில் இருந்திருக்காது.

மண்டபத்தில் எல்லாம் தயாராக இருந்தது, தலைவரைத் தவிர. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி வரும் வழியில் காய்கறி லோரி ஒன்று வளைவில் நின்றுவிட்டதாம். அதன் பின்னால் பாப்பெருமழை தேங்கி நின்றதாம். காளிமுத்து ஒலிபெருக்கியில் ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று சொல்லிச் சொல்லி, அந்த ‘சற்று’ நைந்துபோயிற்று. கூட்டம் நெளிந்தது. கவியரங்கம் முடிந்தால்தான் சாப்பாடு என்பதால் யாரும் எழுந்து போகவில்லை. பின்கட்டிலிருந்து சாம்பார் மணம் வந்து கலையுணர்வைச் சோதித்துக்கொண்டிருந்தது.

ராதாகிருஷ்ணன் மண்டபத்துக்கு வெளியே போனார், உள்ளே வந்தார், கால் கழுவினார், மறுபடி போனார். கழிப்பறைக்குப் போன வழியில் தகரக் கூரைக்கடியில் நின்று தாளை எடுத்துப் பார்த்தார். ‘கொழுந்தே! கொழுந்தே!’ என்று தொடங்கியது கவிதை. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தெடுக்கும் பாஞ்சாலை, பக்கத்தில் போனவளிடம், “நாளைக்குக் கொழுந்து எந்த மலையிலடி?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அவ்வளவுதான். சொல் சுருங்கிவிட்டது. தோட்டத்தில் எல்லார் வாயிலும் வெற்றிலையோடு சேர்ந்து மெல்லப்படும் சொல்லை வைத்தா பாப்பெருமழையிடம் பொன்னாடை வாங்குவது? கனல் எங்கே? தீ எங்கே?

தீ! கொழுந்துவிட்டு எரிவதும் தீதானே! கொழுந்தையும் தீயையும் ஒரே சொல்லாகக் காய்ச்சி வார்த்தால்? ராதாகிருஷ்ணனுக்கு உடம்பு நடுங்கியது, பாதி குளிர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘கொழுந்தே’ இருந்த இடத்திலெல்லாம் அடித்து அடித்துத் திருத்தினார். ‘கொழுந்தீ! கொழுந்தீ!’ ஒரே சொல்லில் தேயிலை, நெருப்பு, பெண், புரட்சி எல்லாம் வந்துவிட்டன. தாளில் அது எரிந்தது. தாளுக்குக் காது கிடையாது.

பாப்பெருமழை ஒருவழியாக வந்து சேர்ந்தார். மாலை, மரியாதை, தலைமையுரை. தாம் அதிகம் பேசப்போவதில்லை என்பதை அவர் வெகுநேரம் பேசி விளக்கினார். பிறகு முதல் கவிஞர் தமிழன்னையைப் பாடினார். இரண்டாமவரும் அவளைத்தான் பாடினார், கொஞ்சம் கோபமாக. குழந்தைகள் அழுதன. “சோறு ஆறுது லா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராதாகிருஷ்ணன் நாற்காலியில் ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாறி மாறி உட்கார்ந்தார். உள்ளங்கை வேர்த்துத் தாளின் ஒரு ஓரம் கரைந்தது. போய்விடலாமா என்று நினைத்தார். எழுந்தார். எழுந்த நேரத்தில் காளிமுத்து, “அடுத்து, நம்ம தோட்டத்துக் கனல்!” என்று அறிவித்துவிட்டார். எழுந்தவர் மேடைக்கு நடக்க வேண்டியதாயிற்று.

முன் வரிசையில் திரிங்காப் பக்கிரிசாமி, அவர் மனைவி, தலையில் எண்ணெய் மினுங்கும் விஜயன். இந்தப் பக்கம் சரோஜா, அவளை ஒட்டி நீலாவதி, மஞ்சள் சேலையில் தலை குனிந்து.

ராதாகிருஷ்ணன் ஒலிபெருக்கியைத் தொட்டார். அது கீச்சென்று கத்தியது. பின்வாங்கினார். மறுபடி நெருங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, பலகைச் சுவருக்கு இத்தனை நாள் பயந்த குரலையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் விட்டார்:

“கொழுந்தீ! கொழுந்தீ!”

மண்டபம் நின்றது. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது. தம் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்ததை ராதாகிருஷ்ணன் கேட்டார். அது தம்முடையது என்று நம்பவே கொஞ்ச நேரமாயிற்று. கவிதைக்கு இவ்வளவு சக்தியா?

“பச்சைப் பாவாடை கட்டிய கொழுந்தீ!
பனியில் நனைந்து பக்கம் நின்றவளே!
விடிந்தால் உன்னை நான் தொடாத நாளுண்டா?”

எங்கோ ஒரு தொண்டை செருமியது. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. நீலாவதி தலையை நிமிர்த்தினாள். சரோஜா மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள்.

“எத்தனை விரல்கள் உன்னைக் கிள்ளின, கொழுந்தீ!
வாட்டினார் உன்னை, உருட்டினார் உன்னை!
தோட்டத்துத் துரையின் உதட்டில் அல்லவா
சூடாய்ச் சேர்ந்தாய், கொழுந்தீ!”

“அடி ஆத்தி, துரையுமா?” என்றாள் பாஞ்சாலை.

பக்கிரிசாமி எழுந்து நின்றார். அவர் மனைவி எழுந்தாள். பின்வரிசையில் சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூடிய கண்ணை அரைவாசி திறந்த ராதாகிருஷ்ணன், ஒரு மண்டபமே தமக்காக எழுந்து நிற்பதைக் கண்டார். வாழ்க்கையில் அந்த உயரத்துக்கு அவர் போனதில்லை. கடைசி வரிகளை நெஞ்சில் அறைந்துகொண்டு வாசித்தார்:

“இனியும் பொறுப்பேனா? இன்றே பற்றிக்கொள்!
எரிவோம் வா கொழுந்தீ, நீயும் நானும்!”

லோரிக்காரப் பையன்கள் விசில் அடித்தார்கள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஒருத்தன் “இன்னொரு தடவ லா, கிராணி!” என்று கத்தினான். ராதாகிருஷ்ணன் வணங்கினார். நிமிர்ந்தபோது சரோஜாவின் முகம் தெரிந்தது. மழைக் கழிவு போட்ட நாள்களில் பெண்கள் பார்க்கும் பார்வைதான், ஆனால் கூடையில்லாமல்.

“வீட்டுக்கு வாங்க. எரியலாம்” என்றாள் அவள். ஒலிபெருக்கி இல்லாமலே அது நன்றாகக் கேட்டது.

அந்த நொடியில்தான் ராதாகிருஷ்ணனின் காது, தாமதமாக வந்த தலைவரைப் போல, தன் வேலையைத் தொடங்கியது. கொழுந்தீ. கொழுந்தீ. மனைவியின் தங்கையைத் தமிழ்நாடும் மலாயாவும் என்னவென்று சொல்கின்றன? கொழுந்தி. தூரத்தில் நிற்கும் தம்பியைத் தம்பீ என்று கூப்பிட்டால், கொழுந்தியை எப்படிக் கூப்பிடுவது? அவர் தாளைப் பார்த்தார். தாளில் அது இன்னும் தீயாகத்தான் இருந்தது.

அதற்குள் பாப்பெருமழை எழுந்துவிட்டார். பாதிக்கு மேல் கண்ணயர்ந்திருந்தவர், கைதட்டல் சத்தத்தில் விழித்து, தட்டிய அளவை வைத்துத் தரத்தை முடிவு செய்துவிட்டார். “அன்பர்களே! அன்னையைப் பாடினர் பலர். காதலியைப் பாடினர் பலர். ஆனால் கொழுந்தியைப் பாடுபொருளாக்கிய நெஞ்சுரத்தை இந்த மலையில்தான் கண்டேன்! உறவின் மாண்பு! உணர்வின் கொதிப்பு! இந்தப் பொன்னாடை இவருக்கே!”

ஆடை தோளில் விழுந்தது. காலையிலிருந்து நடுங்கிய உடம்புக்கு அது கதகதப்பாகக்கூட இருந்தது. ராதாகிருஷ்ணன் தலைவரின் காதுக்குக் குனிந்தார். “ஐயா, அது கொழுந்தி இல்லீங்க. கொழுந்தும் தீயும்.”

பாப்பெருமழை புன்னகை மாறாமல் ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார். செந்தமிழும் அதோடு பொத்திக்கொண்டது. “யோவ், கொழுந்தும் தீயும் சேந்தா கொழுந்துத்தீ. நடுவுல இருந்த ‘துத்’து எங்கய்யா போச்சு? புணர்ச்சி தெரியாதவனுக்குப் பொன்னாட போத்துனேன்னு ஈப்போவுல எவனாச்சும் எழுதுனா என் மூஞ்சிய எங்க வெக்கிறது? கொழுந்தின்னா இலக்கணம் சுத்தம். பேசாம நில்லு. ‘இன்று முதல் இவர் கவிஞர்’னு சொல்லிட்டு ஒக்காந்துர்றேன்.”

“ஐயா, அங்க பொண்ணு பாக்க...”

“கவிதைய வெளக்குனா செத்துப்போயிரும்யா!”

பக்கிரிசாமி மண்டப வாசல்படிவரை போய்விட்டார். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு, இன்னொரு காலோடு திரும்பி நின்றார். கோபமாகக்கூட இல்லை. “கிராணி, நாங்க காய்கறி போடுற ஆளுங்க. கவிதையெல்லாம் வெளங்காது. ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க, நாங்க போயிக்கிட்டே இருப்போம். அந்தப் பாட்டு யாரப் பத்தி?”

மண்டபம் முழுவதும் மேடையைப் பார்த்தது. ராதாகிருஷ்ணன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பொன்னாடையின் சரிகை கழுத்தில் உறுத்தியது. கழற்றவும் மனம் வரவில்லை. மறுவாரப் பத்திரிகையில் பொன்னாடையோடு தம் படம் கண்முன் வந்து போனது.

நீலாவதி எழுந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்த பெண்கள் ஏமாந்தார்கள்.

“மச்சான், நான் எப்ப பச்சப் பாவாட கட்டுனேன்?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஜயனும் எண்ணெய்த் தலையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலுக்கு இழுத்த அம்மாவின் கையை அவன் கவனிக்கவில்லை.

“வாயத் தொறந்து சொல்லுங்களேன்” என்றாள் சரோஜா. “கவிதைக்கு மட்டும்தான் சத்தம் வருமா?”

ராதாகிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் பொத்தியிருந்த தலைவரின் கையை எடுத்துவிட்டார்.

“தேயிலைங்க” என்றார். குரல் எடை போடும் இடத்துக் குரலாகிவிட்டிருந்தது. “நான் தெனம் நிறுக்குற கொழுந்துதாங்க. அதோட தீயச் சேத்தேன். சேரல.”

பக்கிரிசாமி யோசித்தார். காய்கறிக்காரர் பேரத்தை அப்படிச் சட்டென்று முடிப்பாரா? “அப்ப கிள்ளுனது?”

“கொழுந்து கிள்ளுறதுங்க.”

“வாட்டுனது, உருட்டுனது?”

“ஃபேக்டரியில.”

“தொரை உதட்டுல?”

“டீ குடிக்கிறாருங்க.”

“பச்சப் பாவாட?”

“இலைங்க.”

“அப்ப, எரிவோம் வான்னது?”

ராதாகிருஷ்ணன் தாளைப் பார்த்தார். அந்த வரிக்கு என்ன பொருள் என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. “அது... சும்மாங்க” என்றார்.

ஒவ்வொரு பதிலுக்கும் மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. கடைசியில் பாஞ்சாலை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “டீயா? அட போங்கடி. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சு சோத்தையும் மறந்து ஒக்காந்திருந்தேன்.” சற்று முன் விசில் அடித்தவர்கள் பின்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தது வேறு கவிதை.

பாப்பெருமழை ராதாகிருஷ்ணனின் தோளிலிருந்து பொன்னாடையை நாசூக்காக உருவி, மடிப்பைச் சரிசெய்து, தமிழன்னையைக் கோபமாகப் பாடியவருக்குப் போர்த்தினார். இன்று முதல் அவர் கவிஞர். அவருடைய தமிழன்னையில் சந்திப்பிழை இல்லை. காளிமுத்து “சாப்பாட்டுக்குப் பிந்தியவர்களுக்கு அப்பளம் கிடையாது” என்று அறிவிக்க, இலக்கிய விழா இனிதே கலைந்தது.

பக்கிரிசாமி நுழைத்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பேச்சு முடிந்தது. வெற்றிலை பாக்கு மாற்றும்போது விஜயன் நீலாவதியிடம் பேசிய முதல் சொல், “தேத்தண்ணி குடிப்பியா?” என்பது. அவள், “மச்சான்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள். சரோஜாவே சிரித்துவிட்டாள். ராதாகிருஷ்ணன் இலையில் விரலால் அளைந்துகொண்டு, கூரையைப் பார்த்து வாயசைத்தார். மண்டபம் நின்றுபோன அந்த நேரத்தை அவர் மறுபடி கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகூட நிறுத்தியதே. அது மட்டும் பொய்யில்லையே.

மறுநாள் பனி விலகும் முன் மலையில் தராசு தொங்கியது. இரவெல்லாம் தூறிய தூறலில் இலைகள் கனத்துக் கிடந்தன. வரிசையில் முதல் ஆளாகப் பாஞ்சாலை கூடையை இறக்கினாள்.

“கிராணி, ஒங்க கொழுந்தி வந்திருக்கா. நல்லா நனஞ்சிருக்கா. பாத்து நிறுங்க.”

வரிசை முழுவதும் சிரித்தது. ராதாகிருஷ்ணன் கூடையைக் கொக்கியில் மாட்டி, முள் நிற்கும்வரை காத்திருந்து, எடையை எழுதினார்.

மழைக் கொழுந்து என்பதால் தண்ணீருக்குக் கழித்துக்கொண்டார்.